சிங்கத்தைக் காட்டி என் மனைவியைக் கேட்டார்கள்

எனக்குச் சகலை மேல் பொறாமை வந்தது அவருடைய கல்யாணத்தன்றைக்கே. மணவறையில் அவர் உட்கார்ந்திருந்த தோரணை அப்படி. வியர்க்கவே இல்லை. சித்திரை மாதம், பாளையங்கோட்டையில் மண்டபம், தலைக்கு மேல் மின்விசிறி ஓடவில்லை, ஐயர் முதல் நாதஸ்வரக்காரர் வரைக்கும் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்ததுபோல இருக்கிறார். என் கல்யாணத்தில் குங்குமம் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. தாலி கட்டும்போது மாப்பிள்ளை அழுதான் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். பெண் காலேஜ் படித்தவள், மாப்பிள்ளை இன்ஜினியர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் சாஃப்ட், பம்பு புஷ் என்று கடைந்து கொடுப்பேன். ஆனாலும் மாமனார் வீட்டில் எனக்கென்று ஒரு பதவி உண்டு. நான் மூத்த மாப்பிள்ளை. பந்தியில் முதல் இலை எனக்கு. கல்யாண வேன் வந்தால் டிரைவர் பக்கத்து முன்சீட்டு எனக்கு. நான் ஏறி உட்காராமல் வண்டி நகராது. இளைய மாப்பிள்ளை எவ்வளவு படித்திருந்தாலும் பின்னால்தான். சகலை அந்த மரியாதையில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. "அண்ணாச்சி ஏறிட்டாவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் ஏறுவார். குறை வைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குற்றம் சொல்ல இடமே தராத மனுஷனைப் பார்த்துப் பொறாமைப்படுவது பெரிய பாடு.

கல்யாணமான கையோடு அவர்கள் கென்யாவுக்குப் போய்விட்டார்கள். நைரோபியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் அவருக்கு வேலை. வீடியோவில் பேசும்போது பின்னால் அவர்கள் வீட்டுத் தோட்டம் தெரியும். தோட்டத்தில் அடிக்கிற வெயில்கூட எங்கள் ஊர் வெயில்போல ஆளை வாட்டாமல் பதவிசாக இருக்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: இரண்டு வீட்டிலும் பிள்ளை இல்லை. எங்களுக்கு இனி இல்லை என்று ஆகிவிட்டது. அவர்களுக்கும் தள்ளிக்கொண்டே போனது. அந்த ஒரு காரியத்திலாவது சகலையும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று எனக்குள் ஒரு நிம்மதி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிம்மதியும் போயிற்று. ஒருநாள் காலையில் கொழுந்தியாள் போன் செய்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் போனைக் கொடுத்தாள். "ரொம்ப சந்தோசம்மா" என்றேன். பட்டறைக்குப் போய் அன்று கையில் எடுத்த முதல் சாஃப்டையே அளவுக்கு மேல் சீவி வீணாக்கினேன்.

முறைப்படி பார்த்தால் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். மாமனார் மாமியார் இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை. ஆகவே தாய் வீடு என்றால் நாங்கள்தான். ஆனால் இத்தனை வருஷம் கழித்துத் தங்கின பிள்ளை, விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சகலையின் அம்மா சாத்தான்குளத்தில் இருக்கிறார்; முழங்கால் வலி, பக்கத்துத் தெருவுக்கே நடக்க மாட்டார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து வளையல் போட்டுருங்க அண்ணாச்சி" என்று சகலை எங்களுக்கு டிக்கெட் அனுப்பிவிட்டார்.

பாஸ்போர்ட் வந்தபோது புதிதாக ஒரு சங்கடம். பத்தாவது பாஸ் செய்யாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று ஒரு குறிப்பு இருக்கும். கூலி வேலைக்கு வெளிநாடு போகிறவர்கள் ஏமாந்துவிடக் கூடாதென்று சர்க்கார் செய்திருக்கிற ஏற்பாடு. என்னுடையதில் அது இருந்தது. என் மனைவி பத்தாவது பாஸ், அவளுடையதில் இல்லை. கென்யாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போக அது தடையே இல்லை என்று டிராவல்ஸில் சொன்னார்கள், சகலையும் சொன்னார். பேட்டையில் துபாய் போய்வந்த பாய் ஒருவர் சத்தியமே செய்தார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது மனைவியிடம் சொல்லி வைத்தேன்.

"என்னைப் பிடிச்சு வச்சிட்டாவன்னா நீ நிக்காத. நேரா போயிரு."

"உங்களப் பிடிச்சு வச்சுக்கிட்டு அவங்க என்ன செய்யப் போறாங்க?" என்றாள்.

அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பினார். முகத்தைப் பார்க்காமலே குத்திவிட்டாரே, திரும்பி வரும்போது இது நீதானா என்று கேட்டால் என்ன செய்வது என்று விமானத்தில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

வளைகாப்பு நைரோபி வீட்டுக் கூடத்தில் நடந்தது. அங்கேயுள்ள தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம், அக்கம்பக்கத்துக் குஜராத்திப் பெண்கள் கொஞ்சம். சாத்தான்குளத்து அம்மாவை வீடியோவில் பிடித்து, போனை ஜன்னல் திண்டில் சாத்தி வைத்திருந்தார்கள். என் மனைவி சந்தனம் குழைத்த கையோடு வளையல் தட்டை எடுத்தாள்.

"மொத வளையல் யாரு போடுதா?" என்று போனிலிருந்து குரல் வந்தது.

"எங்க அக்கா, அத்தை" என்றாள் கொழுந்தியாள்.

"அவளும் போடட்டும், யாரு வேண்டாங்கா? மொதல்ல பிள்ளை பெத்தவ யாராச்சும் போடட்டும். நல்ல காரியம்லா."

என் மனைவி சிரித்த முகம் மாறாமல் தட்டை மேசையில் வைத்துவிட்டாள். இந்த மாதிரி இடங்களில் அவளுக்குப் பழக்கம் உண்டு. யாரும் சொல்வதற்கு முன்னாலேயே ஒதுங்கி நின்றுவிடுவாள். நான் எழுந்தேன். ஏதாவது பேச வேண்டும் என்றுதான் எழுந்தேன். எப்படி ஆரம்பிப்பது, அவர் பெரியவர், சகலையின் அம்மா, இது அவர்கள் வீடு என்று யோசித்து முடிப்பதற்குள் கொழுந்தியாள் பேசிவிட்டாள்.

"அத்தை, எங்க அம்மா இருந்தா அவதான் போட்டிருப்பா. இப்ப எனக்கு அம்மான்னா எங்க அக்காதான். அவ போடாட்டா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

சகலை ஜன்னல் பக்கம் போனார். "எம்மா, சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசுதேன்" என்று போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி, "மைனி, நீங்க போடுங்க" என்றார். அண்ணியை எங்கள் பக்கம் மைனி என்பார்கள்; என் மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

என் மனைவி தங்கை கையில் முதல் வளையலை ஏற்றினாள். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படி ஒரு முகத்தை நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே இல்லை. என் பெண்டாட்டிக்காக நான் பேச வேண்டிய இடத்தில் இன்னொருவர் பேசிவிட்டார். அதுவும் வியர்க்காமல்.

அதற்கடுத்த நாள்தான் காட்டுப் பயணம். எங்களுக்குக் காட்ட வேண்டும் என்று சகலை ஒரு வனவிலங்குப் பூங்காவில் லாட்ஜ் பிடித்து வைத்திருந்தார். நல்ல தார் ரோடு, காரில் மெதுவாகப் போகலாம், ஆனால் காட்டுக்குள் ஜீப்பில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் கொழுந்தியாளுக்கு உத்தரவு போட்டிருந்தார்.

லாட்ஜ் என்றால் நான் நினைத்தது ஜங்ஷன் பக்கத்து லாட்ஜ். இது வேறு. மரப்பலகை மேடை, அதன் மேல் கூடாரம், கூடாரத்துக்குள் கட்டில், குளிக்கிற அறை, தண்ணீர்க் குழாய் எல்லாம். எதிரே கிளிமஞ்சாரோ. உச்சியில் பனி. நம் பொதிகை மலையைப் பார்த்து இத்தனை வருஷம் பெரிய மலை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று அதற்காகக்கூட மனசுக்குள் ஒரு குடைச்சல். நம் மலை ஒரு ஆற்றையே கொடுக்கிறது, இது சும்மா நிற்கிறது என்று சொல்லித் தேற்றிக்கொண்டேன். வந்து இறங்கியதும் இடுக்கியில் பிடித்து ஈரத் துண்டு ஒன்று கொடுத்தார்கள். எல்லோரும் முகம் துடைத்துத் தட்டில் திரும்பப் போட்டார்கள். நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நடமாடிவிட்டேன்.

லாட்ஜைச் சுற்றி மின்வேலி. அதன் மேனேஜரிடம் நான் கேட்கச் சொன்னதையெல்லாம் சகலை இங்கிலீஷில் கேட்டுச் சொன்னார்.

"வேலியில கரண்டு எப்பவும் இருக்குமான்னு கேளுங்க."

"இருக்குமாம் அண்ணாச்சி."

"கரண்டு போச்சுன்னா?"

"ஜெனரேட்டர் இருக்காம்."

"அதும் ரிப்பேராச்சுன்னா?"

"அதுக்குத்தான நீங்க வந்திருக்கீய" என்றார் சகலை. என் மனைவி சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். நான் சொல்லி அவள் இப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஜீப் வந்து நின்றது. உயரமான வண்டி. கொழுந்தியாள் லாட்ஜிலேயே இருந்துகொண்டாள். நாங்கள் மூன்று பேர்தான். என் மனைவி தங்கையின் சுடிதாரும் கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவளைச் சேலை தவிர வேறொன்றில் பார்த்தது அன்றைக்குத்தான். நன்றாக இருந்தது என்பதுதான் என் எரிச்சல்.

சகலை பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, பின்னால ஏறுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் காத்த மரியாதையை இங்கே, ஆள் பார்க்காத காட்டில் வைத்து உடைக்கிறாரா? வளைகாப்பில் போட்ட அதிகாரம் இங்கேயும் தொடர்கிறதா?

"இல்ல, நான் முன்னாலயே இருக்கேன்" என்றேன்.

"பின்னால இருந்தாத்தான் அண்ணாச்சி நல்லா..."

"பரவால்ல. முன்னாலதான் எனக்குப் பழக்கம்."

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு மரியாதையாக முன்கதவைத் திறந்துவிட்டார். நான் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிரைவர் என்னைப் பார்த்து "ம்ஸே" என்றார். பெரியவருக்குச் சொல்கிற மரியாதை வார்த்தை என்று பின்னாலிருந்து சகலை சொன்னார். பரவாயில்லை, இந்த ஊர்க்காரனுக்காவது தெரிகிறது என்று நினைத்தேன்.

காட்டுக்குள் நுழைந்ததும் டிரைவர் இறங்கிப் பின்னால் போய் எதையோ தள்ளினார். பின்பாதிக் கூரை அப்படியே மேலே எழும்பிற்று. பின்னால் இருக்கிறவர்கள் சீட்டில் ஏறி நின்று, தலையை வெளியே நீட்டிக்கொண்டு நாலாபக்கமும் பார்க்கலாம். முன்பாதிக் கூரை தகரம். திறக்காது. எனக்கு எதிரே தூசு படிந்த கண்ணாடி, பக்கத்தில் கையளவு ஜன்னல், காலுக்குக் கீழே என்ஜின் சூடு.

"ஐயோ, அங்க பாருங்க, அங்க பாருங்க!" என்று மேலே என் மனைவியின் குரல்.

"எங்கன?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது, புல்லு மறைக்கும். ஒட்டைச்சிவிங்கி! குட்டியும் கூட நிக்கு!"

எனக்கு ஒட்டைச்சிவிங்கியின் கால்கள் கொஞ்சம் தெரிந்தன. பின்னால் திரும்பினால் என் மனைவியின் கான்வாஸ் ஷூ தெரிந்தது, அதன் பக்கத்தில் சகலையின் ஷூ தெரிந்தது. இரண்டும் ஒரே திசையில் எம்பி எம்பித் திரும்பிக்கொண்டிருந்தன. ஆப்பிரிக்கக் காடு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், நான் அதிகம் பார்த்தது அந்த நாலு ஷூவைத்தான். மேலே அவர்கள் பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். "மைனி, அந்த மரத்துக்கு எடது பக்கம்." "ஆமா, வாலு ஆடுது!" எந்த மரம், யாருடைய வால், ஒன்றும் எனக்குத் தெரியாது.

சிங்கத்தை மட்டும் பார்த்தேன். அது வண்டி நிழலுக்காக வந்தது. என் ஜன்னல் பக்கமாகவே வந்து, கதவில் முதுகு உரச நடந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே படுத்துக்கொண்டது. மேலிருந்து கைநீட்டினால்கூட அவர்களுக்கு எட்டாது. எனக்குக் கண்ணாடியை இறக்கினால் தொடலாம். நான் காலை மடக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குத்தான் கிட்டத்துல தெரியும், குடுத்து வச்சவுக!" என்று மேலே இருந்து என் மனைவி கிசுகிசுத்தாள். நான் கண்ணை மூடியிருந்தது அவளுக்குத் தெரியாது.

திரும்பும்போதே பின்னால் மாறியிருக்கலாம். மாறவில்லை. முதலில் கேட்டு வாங்கின இடத்தை எப்படி விடுவது? சாயங்காலமும் நான் முன்னால்தான் ஏறினேன். அடுத்த நாள் சகலை ஒன்றும் கேட்காமலே எனக்கு முன்கதவைத் திறந்துவிட்டார்.

அதற்குள் இன்னொன்றும் நடந்தது. குளிர் கூடுதலான இரவுகளில் அந்த லாட்ஜில் படுக்கைக்குள் வெந்நீர் நிரப்பின ரப்பர்ப் பை ஒன்றை வைத்துவிடுவார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. போர்வைக்குள் காலை நீட்டியதும் வெதுவெதுவென்று ஏதோ ஒன்று பட்டு, நான் கட்டிலை விட்டுக் குதித்துவிட்டேன். புருஷன் பெண்டாட்டிக்குள் இருக்க வேண்டிய சமாசாரம். காலைப் பலகாரத்தின்போது என் மனைவி அதை எடுத்துவிட்டாள்.

"'உசுரோட கெடக்கு, நீ அசையாத'ங்காவ. என்னைய அசையாதன்னுட்டு அவிய கதவுகிட்ட நிக்காவ!"

கொழுந்தியாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, போதும், சிரிக்க முடியல" என்றாள். சகலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்து வைத்தேன். என் பயமெல்லாம் இத்தனை வருஷமாக அவள் ஒருத்திக்குத்தான் சொந்தம். அதை எடுத்து அவர்களுக்குப் பங்கு வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நாலு பேரும் சாப்பாட்டுக் கூடத்து முகப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்க் குட்டை. யானைக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியிருந்தது. "யானைக்குப் பேறுகாலம்னா அதோட அக்கா தங்கச்சி எல்லாம் சுத்தி நிக்குமாம் அண்ணாச்சி. டிரைவர் சொன்னாரு" என்றார் சகலை. ஏன் திடீரென்று யானையின் பேறுகாலம் என்று நான் யோசிப்பதற்குள் கொழுந்தியாள் கேட்டுவிட்டாள்.

"அத்தான், பிரசவம் முடியுற வரைக்கும் அக்கா இங்கன இருக்கட்டுமா?"

கோப்பையைக் கீழே வைத்தேன். டிக்கெட், வளையல், ஈரத் துண்டு, சிங்கம் எல்லாம் எனக்கு ஒரே கோட்டில் வந்து நின்றன. கடைசியில் யானையையும் சாட்சிக்குக் கூட்டி வந்துவிட்டார்கள்.

"வழக்கம்னா உன்னை நாங்க கூட்டிட்டுப் போகணும்" என்றேன்.

"நான்தான் வர முடியாதே அத்தான். அதான் தாய் வீடு இங்கன இருக்கட்டும்னு கேக்கேன்."

"நீங்களும் இருங்க அண்ணாச்சி" என்றார் சகலை.

"பட்டறைய யாரு பாக்கது?" என்றேன். அது கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. என் மனைவி குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடாரத்துக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன். எனக்கு யார் சமைப்பார்கள், குடிதண்ணீர் வருகிற நேரத்துக்கு யார் பிடித்து வைப்பார்கள், எனக்கு ஒரு நெஞ்சுவலி வந்தால் கதவைத் தட்டக்கூட ஆள் இல்லையே, விசா நாள் முடிந்தால் என்ன செய்வார்கள், உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் இந்த ஊரில் என்ன ஊசி போடுவார்களோ என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இவ்வளவுதானா, இன்னும் இருக்கா?"

"நீ திரும்பி வராம இருந்துட்டேன்னா?"

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"எங்க போவேன்?" என்றாள். "ஏங்க, எனக்குக் கோவமே வராதுன்னு நெனச்சிருக்கீயளா? எத்தனை வீட்டு வளைகாப்புல நான் பந்தி பரிமாறியிருக்கேன்? இங்கனதான் ஒருத்தி எனக்குக் கைய நீட்டுனா. அந்தப் பிள்ளை பொறந்து மொதல்ல என் கைக்கு வரணும்னு எனக்கு ஆசையா இருக்கு. இருக்கணும்னு சொல்லல. ஆசையா இருக்குன்னு சொல்லுதேன். நீங்க வேண்டாம்னா வந்துருவேன்."

வந்துவிடுவாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

கடைசி நாள் காலையில் தலைவலி என்று சொல்லி நான் ஜீப்புக்குப் போகவில்லை. சகலை தனியாகப் போனார். என் மனைவியும் தங்கையோடு இருந்துகொண்டாள். கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்துவிட்டு, தூக்கம் வராமல் முகப்புக்கு நடந்தேன். கொழுந்தியாள் சாய்வு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். அவள் காலை மடியில் வைத்து என் மனைவி அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கொழுந்தியாள், "அக்கா, அக்கா!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். இருவரும் அப்படியே இருந்தார்கள்.

நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். எங்கள் வீட்டில் எதுவானாலும், ஜன்னலில் ஒரு அணில் வந்தால்கூட, "இங்கன வாங்க, இங்கன வந்து பாருங்க" என்று அவள் என்னைத்தான் முதலில் கூப்பிடுவாள். இதற்குக் கூப்பிடவில்லை. நான் இருக்கிறேனா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சகலையின் வேலை, தோட்டம், வியர்க்காத நெற்றி, பிறக்கப்போகிற பிள்ளை, இதற்கெல்லாம் நான் பட்ட பொறாமை ஒரு பங்கு என்றால், அந்த நிமிஷத்தில் பட்டது ஒன்பது பங்கு. அதுவும் யார் மேல்? இன்னும் முகம்கூட இல்லாத ஒன்றின் மேல்.

பலகை கிறீச்சிட்டதில் அவள் திரும்பினாள். எழுந்து வேகமாக என்னிடம் வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"துள்ளுதுங்க" என்றாள். "கையக் காட்டுங்க."

என் உள்ளங்கையை விரித்து, தன் விரல் நுனிகளால் தட்டிக் காட்டினாள். முதலில் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இரண்டு, பிறகு உருண்டு போவதுபோல் ஓரமாக ஒரு தேய்ப்பு. "இப்படித்தான். இப்படியே." மறந்துவிடப்போகிறது என்பதுபோல மறுபடியும் ஒருமுறை தட்டினாள்.

கொழுந்தியாள் வயிற்றில் நான் கை வைக்க முடியாது. அது முறை இல்லை. அதனால் எனக்கென்று அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நீ இரு" என்றேன்.

"நெசமாவா?"

"கொசுவலை கட்டிப் படு. வெளியில தண்ணி குடிக்காத. தினமும் போன் பண்ணு. அவர் அம்மா போன்ல வந்தா நீ எடுக்காத."

"சரி."

"ஜீப்புல ஏறாத."

"அத மட்டும் சொல்லாதீய" என்றாள்.

அவளுடைய விசாவை நீட்டிக்கச் சகலை ஏற்பாடு செய்தார். நான் மட்டும் ஊர் வந்து சேர்ந்தேன். ரயில்வே கேட்டில், டீக்கடையில், பட்டறைக்கு வருகிறவர்களிடம், "அவ இல்லாம அங்க ஒண்ணும் ஓடாது, பேறுகாலம் பாத்துட்டு வருவா" என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பேசினாள். பேசுவதற்குள் தங்கை கூப்பிடுவாள், "இந்தா வந்துட்டேன்" என்று எழுந்து போய்விடுவாள். சுவரில் அவர்கள் வீட்டுக் கடிகாரம் மட்டும் எனக்குத் தெரியும்.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. முதலில் என் மனைவி கைக்குத்தான் வந்ததாம். எனக்குக் காட்டினாள். சிவப்பாக, கண்ணை இறுக்கிக்கொண்டு, கோபக்காரச் சின்னக் கிழவி மாதிரி இருந்தது. அழகு என்றேன். இனி அவள் என்னை மறந்துவிடுவாள் என்றும் நினைத்தேன். அப்புறம் பேச்சு முழுக்க அதுதான். பால் குடித்தது, கக்கியது, தும்மியது. நான் சாப்பிட்டேனா என்பது கடைசியில் வரும், சில நாள் வராமலும் போகும். எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுப்பேன், அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்கும்.

ஒரு சாயங்காலம் அவள் போனிலிருந்து சகலை பேசினார். பட்டறையில் வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கீயளா?"

"இருக்கேன். அவ எங்க?"

"பிள்ளைய உறங்கப் போடுதாவ." கொஞ்சம் தயங்கினார். "மைனி கையில மட்டும்தான் அண்ணாச்சி உறங்குது. நான் தூக்குனா ஒரே அழுகை. மைனி வாங்குன ஒடனே கப்புன்னு அடங்கிருது. நான் ஆபீஸ்ல இருந்து ஓடி ஓடி வாரேன். என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுது."

எனக்கு அந்தக் குரல் தெரியும். அவரிடம் கேட்டதில்லையே ஒழிய, வருஷக்கணக்காக எனக்குள் ஓடுகிற குரல்தான் அது. வீடியோவைப் போடச் சொன்னேன். போட்டார். தூக்கம் கெட்ட முகம். நெற்றி பூரா வியர்வை.

"பழகிரும்" என்றேன்.

"அது சரி அண்ணாச்சி." சிரிக்கப் பார்த்தார். "நீங்களும் அங்க தனியாக் கெடக்கீய. பாவமா இருக்கு. மைனிய எப்ப அனுப்பி வைக்க?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கே அனுப்புங்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பின்னால், கதவிடுக்கில், என் மனைவி தோளில் அந்தப் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு மெதுவாக நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. சகலையும் திரும்பி அதைத்தான் பார்த்தார். நான் தூணோரம் நின்று பார்த்த அதே பார்வை; அதைக் கண்டதும் என் வாய் மாறிவிட்டது.

"அவசரம் ஒண்ணும் இல்ல" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."